மாமா மறைத்த மலை

ஆல்பத்தின் பிளாஸ்ரிக் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்து, விரலால் பிரிக்கும்போது ‘சர்ர்’ என்று சத்தம் போடும். லண்டனிலிருந்து ஒரு கலியாணத்துக்குக் கடல் தாண்டி வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மென்டில் தங்கிய மாமா, சாப்பாடு முடிந்த கையோடு அதை அம்மாவின் மடியில் விரித்தார். அந்த இலையுதிர்காலத்தில் ஸ்கொட்லாந்திலுள்ள பிற்லொக்ரி என்ற சிறு நகரத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்த படங்கள் அவை. எனக்கு அப்போது பத்து வயது. மாமாவின் மகள் சுபாவுக்கும் அதே வயதுதான்.

எங்கள் ஆட்கள் படம் எடுக்கும் அழகே தனி. எந்த இடமானாலும் எல்லோரும் வரிசையாக நின்று அதை மறைத்துவிடுவார்கள். பாலத்தை மாமி மறைத்திருந்தார், ஆற்றைப் புட்டுப் பெட்டி மறைத்திருந்தது. இலைகளால் சிவந்துகிடந்த மலையில் மாமாவின் வழுக்கைக்கு மேலே ஒரு கீற்றுத்தான் எனக்குக் கிடைத்தது. அதற்கே எனக்கு வயிறு எரிந்தது. “உந்த இலையைப் பாக்க உவ்வளவு தூரமே? கீழ இறங்கினா இங்கையும் கொட்டிக்கிடக்குது” என்றார் அம்மா.

அம்மாவுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் சுபா தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றில் அவர் அவளுடைய வாயில் புட்டுத் ‘தீத்தி’க்கொண்டிருந்தார். பத்து வயதில் தீத்தல் வேறா என்று உள்ளுக்குள் கறுவினேன். இரண்டு வேலை செய்த என் அப்பாவைப் பகலில் நான் போர்வைக்குள்தான் கண்டிருக்கிறேன். அன்று நித்திரையால் எழும்பி வந்து படங்களைப் பார்த்தவர், என் முகத்தையும் பார்த்துவிட்டு, “எங்கட கேஸ் சரிவரட்டும் பிள்ளை. உன்னை நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றார். அகதி வழக்கு முடியாமல் நாட்டைவிட்டு அசைய முடியாது என்பது எனக்கும் தெரியும்.

வழக்கு சரிவந்தது. பிறகு ரூஜ் என்ற புறநகரில் சொந்த வீடு, தம்பியின் படிப்பு, அப்பாவின் முழங்கால் என்று பயணம் வருடாவருடம் தள்ளிப்போய், கடைசியில் ஒரு மாசி மாதம் அப்பாவே போய்விட்டார்.

போன இலையுதிர்காலத்தில் கணவரோடும் மகளோடும் பிற்லொக்ரிக்குப் போனேன். பொய் சொல்லக்கூடாது, ஆறும் மலையும் நல்ல வடிவுதான். ஆற்றங்கரையில் மகள், “டடி, குளிருது” என்றாள். கணவர் தன் ஜக்கெற்றைத் திறந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டார். “அம்மா, நீங்களும் வாங்கோ” என்று அவள் கூப்பிட்டாள். நான் போகவில்லை. என்னை அப்படி இழுத்துக்கொண்டிருக்க வேண்டியவர் இப்போது இல்லை. பெற்ற பிள்ளைமேல் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்டால், நான் பட்டேன்.