கஸ்தூரி மேடம் கம்பைலரோடு சேர்த்துப் போட்டது

மாறன் வேலை கேட்டுத் திருவண்ணாமலைச் சின்னக்கடைத் தெருவில் மாடியேறிய அன்று, கஸ்தூரி ஒரு பையனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்விட்ச்ல கை வெச்ச, கைய ஒடிச்சிடுவேன்!"

"வெளிய வரத் தெரியல மிஸ். எதை அழுத்தினாலும் கீ கீன்னு கத்துது."

"கத்தினா கத்தட்டும். மாட்டிக்கினா என்னைக் கூப்புடு. கரண்ட ஏண்டா நிறுத்தற?"

பட்டச் சான்றிதழ் இருந்த ஃபைலை மார்போடு அணைத்தபடி வாசலிலேயே நின்றான் மாறன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அந்த ஃபைலைப் பைக்குள் வைக்க மனசு வராது. 2002ஆம் வருஷம் அது. அந்த மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் 'சி' மொழி சொல்லிக்கொடுத்தவர் கஸ்தூரி. மறுநாளிலிருந்து மாறனும் அங்கே வாத்தியார்.

பையன் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் கஸ்தூரியேதான். நாம் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அதை ஏற்றும்போது, கூடவே கிடைத்த கருவிகளையும் ஒன்று விடாமல் ஏற்றிவிட்டார். இருந்தால் என்றைக்காவது உதவும் என்று எண்ணம். எழுதுவதற்கு மட்டுமே நாலைந்து எடிட்டர்கள். பிள்ளைகள் எதையோ திறந்து, வெளியே வர வழி தெரியாமல் கரண்டை நிறுத்தித் தப்பித்தார்கள். நிறுத்தி நிறுத்தியே இரண்டு ஹார்ட் டிஸ்க் போய்ச் சேர்ந்தது.

முதலாளி மூர்த்தி கொதித்துப்போனார்.

"ஏம்மா, கல்யாண சத்திரத்துல பாத்திரம் அடுக்கின மாதிரி அடுக்கி வெச்சிருக்கியே! கம்பைலர் போடு, ஒரு எடிட்டர் போடு, போதும். இந்த பேட்ச்சும் பாதியில ஓடிச்சின்னா சி கிளாஸ மூடிட்டு டைப்பிங் போட்டுடுவேன்."

சி வகுப்பு போனால் கஸ்தூரிக்கு அங்கே வேலையில்லை.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் பஸ் ஊருக்குள் வராது. அதனால் வகுப்பும் கிடையாது. அன்று எல்லா கம்ப்யூட்டரையும் துடைத்துப் புதிதாக ஏற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். உபரி எடிட்டர்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் டீபக்கரில் வந்து நின்றது. புரோகிராமை வரிவரியாக ஓட்டிப் பார்த்துத் தப்பு எங்கே என்று பிடிக்க உதவும் கருவி அது.

"இதையும் எடுத்துடலாம் மேடம். சிலபஸ்லயே இல்ல. சிடியில இருக்கட்டும், கேக்கறவங்களுக்குப் போட்டுக் குடுப்போம்" என்றான் மாறன்.

"தப்பு வந்தா நம்ம புள்ளைங்க இன்னா பண்றாங்க, பாத்தீங்களா சார்?"

பார்த்திருந்தான். மொத்தத்தையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி அடிப்பார்கள். முக்கால்வாசிப் பேர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய கைகள். அங்கே எழுத்து பிசகினால் தாளை உருவிவிட்டுப் புதுத் தாள் சொருக வேண்டும்.

"ரெண்டு வாட்டி அடிப்பாங்க. அப்புறம் 'இது நமக்கு வராது'ன்னு நின்னுடுவாங்க."

"அதான் மேடம், கேட்டா குடுக்கலாமே."

"நீங்க காலேஜ் சேந்தப்போ லைப்ரரில போயி புக் கேட்டீங்களா?"

மாறனுக்குச் சுருக்கென்றது. முதல் வருஷம் முழுக்க நூலக வாசலைத் தாண்டித் தாண்டித்தான் போனான். அது வாத்தியார்களுக்கானது என்று நினைத்திருந்தான். யாரும் தடுக்கவில்லை, வா என்று சொல்லவும் இல்லை.

"இருக்குன்னே தெரியாதத எப்படி சார் கேப்பாங்க?"

"அப்படிப் பாத்தா, நீங்க முன்ன எல்லாத்தையும் போட்டதே சரிதானே?"

கஸ்தூரி சிரித்துவிட்டார். "அதுவும் தப்புதான். அந்தக் கூட்டத்துல இதுவும் ஒளிஞ்சிக்கிச்சி."

டீபக்கர் தங்கியது. மூர்த்தியிடம் கஸ்தூரியே போய்ச் சொன்னார். "பசங்க ஓடினாங்கன்னா அது உன் பாடு" என்றார் அவர்.

அடுத்த வகுப்பில் கஸ்தூரி முதலில் சொல்லிக்கொடுத்தது, ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே வரும் வழி. அதற்குப் பிறகுதான் வரிவரியாக ஓட்டுவது. அடி அண்ணாமலையிலிருந்து வரும் தமிழ்செல்விக்கு ஒன்றிலிருந்து பத்துவரை கூட்டும் கணக்கில் விடை ஜாஸ்தியாக வந்தது. பழக்கதோஷத்தில் அழிக்கப் போன விரல் பாதியில் நின்றது. டீபக்கரைத் திறந்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள்.

"மிஸ்! இது பத்தோட நிக்கல மிஸ், பதினொண்ணையும் கூட்டிக்கினு வருது!"

வகுப்பே எழுந்து அவள் பின்னால் போய் நின்றது. அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினாள்.

அந்த பேட்ச்சிலும் சிலர் நின்றார்கள், வகுப்பு நிற்கவில்லை. மூர்த்தி டைப்பிங்கைப் பக்கத்து அறையில் போட்டுக்கொண்டார்.

கஸ்தூரி இப்போது வேலூரில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் திருவண்ணாமலை வீட்டுக்கு வந்துவிடுவார்.