கவிழ்த்துப் பார்க்காத சிறுத்தை

கடைத்தெருவில் என் சித்தப்பாவுக்கு ‘கவுத்துப்பாரு’ என்று பெயர். பழம்பொருள் வியாபாரி. யார் எதை நீட்டினாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிட்ட தட்டையே கவிழ்த்துப் பார்த்து, சித்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்கும் விலங்குத் தாங்கிகள் மேல் அவருக்குத் தனிப் பைத்தியம். யானை, குதிரை, கடல்சிங்கம் என்று ஜோடி ஜோடியாகச் சேர்த்திருந்தார். எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய ஆர்ட் டெகோ காலத்துச் சரக்கு. ரோமம், மீசை என்று எதுவும் இல்லாமல் நாலே வளைவில் மிருகத்தைப் பிடித்துவிடும் பாணி அது. வாங்குகிறவர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: “தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. அந்தப் பழுப்பு அழுக்கு இல்ல, வயசு. தேய்ச்சா போச்சு.”

கடையில் ஒரே ஒரு வெண்கலச் சிறுத்தை மட்டும் ஒற்றையாக உட்கார்ந்திருந்தது. அதன் ஜோடி எங்கள் வீட்டில். தாத்தாவின் சாமான்களைப் பங்கு பிரித்தபோது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாய்த்தகராறு முற்றி, ஆளுக்கொரு சிறுத்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிரித்தால் இரண்டுமே உதவாது என்று இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள், மகானுபாவர்கள். அதன்பின் பத்தொன்பது வருடம் பேச்சே இல்லை. நான் மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தேன்.

அப்பாவின் இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரம், ஒருநாள் வேலை முடிந்து வீடு திரும்பினேன். கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த சிறுத்தை மேசைமேல் தங்கமாக மின்னியது. பக்கத்தில் பாலிஷ் பொடி டப்பா. அப்பாவின் விரல்கள் கறுத்திருந்தன.

“தம்பிகிட்ட குடுக்கப்போறேம்மா. அழுக்கா குடுத்தா நல்லாவா இருக்கும்?” என்றார்.

வாய்வரை வந்த ‘ஐயோ’வை விழுங்கினேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குற்றவுணர்வு இன்னும் என்னை விடவில்லை.

மறுநாள் அப்பாவைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார்.

“இத்தன வருஷம் கழிச்சு வந்து, பழுப்பே இல்லாத, நேத்து வார்த்த போலிய நீட்டுறியா? என்னக் கிண்டல் பண்ணவா வந்த? அசல நீயே வச்சுக்க!”

“இல்லடா...” என்றார் அப்பா. சிறுத்தையை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

நான் உள்ளே போகத் திரும்பினேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். “நீ ஒண்ணும் சொல்லாத. எல்லாத்தையும் கவுத்துப் பாக்குறவன், இதக் கவுத்துக்கூடப் பாக்கலம்மா. அவனா பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்.”

பதினோரு நாள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

சித்தப்பா வந்தார். அப்பாவின் கால்மாட்டில் நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வயதுக்குக்கூட மரியாதை கொடுக்கத் தோன்றவில்லை. “அதக் கவுத்துப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

தகனம் முடிந்தபின் அன்று மாலை என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். மேசைக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி எறிந்திருந்ததை எடுத்தார். கவிழ்த்தார். அடியில் கட்டம் போட்ட நீலத் துணி. தாத்தாவின் கிழிந்த கோட்டிலிருந்து அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் வெட்டி, இரண்டு சிறுத்தைக்கும் கோணல்மாணலாக ஒட்டியது. “அண்ணே” என்று ஒருமுறைதான் கூப்பிட்டார். அப்புறம் தரையில் உட்கார்ந்து குழந்தைமாதிரி அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. நானும் அழுதேன்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். சித்தப்பா தன் பங்குச் சிறுத்தையை மடியில் வைத்துப் பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பழுப்பு முக்கால்வாசி போயிருந்தது.

“சித்தப்பா, என்ன பண்றீங்க!”

“ஜோடின்னா ஒரே மாதிரி இருக்கணும்ல” என்றார், தலையைத் தூக்காமல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி பொடியை எடுத்தார்.

“அண்ணன் தேய்ச்ச அளவுக்கு எனக்கு வரமாட்டேங்குதும்மா.”