முகம் மாறாத நாயகன்

திரையில் நாயகன் முகமூடியைக் கழற்றினான். பக்கத்து இருக்கையிலிருந்த அண்ணன் என் கையைத் தட்டி, "தம்பி, இவன் யாரு?" என்றார். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. "ஹீரோதாண்ணே" என்றேன். "ஹீரோ பச்சை ட்ரெஸ்தானே?" "அவனேதான். மாஸ்க்கக் கழட்டிட்டான்." அடுத்த காட்சியில் அதே ஆள் கோட்டு மாட்டிக்கொண்டு யாரோடோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் மறுபடியும் என் கையைத் தொட்டார். ஆனால் எதுவும் கேட்கவில்லை. பாதிப் படத்தில் எழுந்துவிட்டார். "நீ பாருலா. நான் வெளிய நிக்கிறேன்."

விபத்துக்குப் பிறகு நாங்கள் பார்க்கப்போன முதல் படம் அது. எங்கள் ஊர் கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லையிலுள்ள இரண்டாம் பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வந்தவர் அண்ணன். ஒரு மழைநாள் காலையில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. மூன்று வாரம் கழித்து வீடு திரும்பியபோது பேச்சு, நடை, ஞாபகம் எல்லாம் முன்போலவே இருந்தன. முகங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, பார்த்த முகத்தை இன்னார் என்று சொல்லித் தரும் இடம்தான் மூளையில் சேதமாகியிருக்கிறது என்றார் டாக்டர். குரல் கேட்டால் தெரியும். நடையை வைத்துச் சில சமயம் தெரியும். ஒருமுறை பேரங்காடியில் எதிரே வந்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று "சோரி" சொன்னார். அது தூணில் பதித்திருந்த கண்ணாடி.

நாயகனின் முகத்துக்காக என்னோடு சண்டை போட்டவர் இந்த அண்ணன்தான். எங்கள் இளவயதில் இருவருக்கும் பிடித்த ஒரு சாகச நாயகனின் வேடத்தைத் திடீரென்று வேறொரு நடிகரிடம் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் அந்தப் படத்தை ஒரு வருடம் பார்க்க மறுத்தார். கதை ஒன்றுதானே, உடை ஒன்றுதானே என்பேன் நான். "மூஞ்சி மாறிட்டா ஆளே மாறிட்டான்லா. நாளைக்கு வேற ஒருத்தன் வந்து நான்தான் உன் அண்ணன்னு சொன்னா ஒத்துக்குவியா?" என்பார். விபத்து நடந்த ஆண்டிலேயே அதே வேடத்துக்கு மறுபடியும் புதிய நடிகர் வந்தார். பழைய கோபத்தைக் கொஞ்சம் கிளப்பிப் பார்க்கலாமே என்று அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். "எனக்கு எல்லாருமே புது ஆளுதான் தம்பி."

அவரைத் திரும்பவும் கதைக்குள் கொண்டுவந்தவள் அவருடைய மகள் பாப்பா. அப்போது எட்டு வயது. சனிக்கிழமை காலைகளில் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் பார்ப்பாள். பச்சை உடை, ஆரஞ்சு மேலங்கி, மண்வெட்டி மாதிரி தாடை உள்ள நாயகன். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதே மேலங்கிதான். வில்லனுக்கு எப்போதும் ஊதா. எல்லாரும் தோன்றியவுடனேயே தங்கள் பேரைத் தாங்களே கத்துவார்கள். ஒரு சனிக்கிழமை நான் போனபோது தரையில் பாப்பாவோடு உட்கார்ந்து அண்ணன் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு மாதத்தில் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். கார்ட்டூன்களைச் சிறுபிள்ளை சமாசாரம் என்று நினைத்திருந்த எனக்கு அன்று ஒன்று புரிந்தது. நடிகனுக்கு வயதாகிறது, ஒப்பந்தம் முடிகிறது, இன்னொருவன் வருகிறான். வரைந்த உருவம் எங்கேயும் போவதில்லை. எந்த வாரம் வந்து பார்த்தாலும் அதே கோடுகளில் நமக்காக நிற்கிறது.

பாப்பாவுக்கு அது எனக்கு முன்பே புரிந்திருந்தது. மறுநாளிலிருந்து தலையில் ஆரஞ்சு நிறப் பட்டை அணிந்துகொண்டாள். பள்ளிவிட்டு வரும்போது வாசலில் நின்று, கார்ட்டூன் நாயகனைப்போலவே இடுப்பில் கைவைத்துத் தன் பேரைக் கத்துவாள். "வந்துட்டியா!" என்பார் அண்ணன். அண்ணியையும் ஏதாவது ஒரு நிறம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். "பத்து வருஷம் குடும்பம் நடத்துன புருஷனுக்கு நான் அடையாளம் குத்திக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அண்ணி சமையலறைக்குள் போய்விட்டார். அவர் அழுததை நான் பார்த்தேன். ஆனாலும் அன்றிலிருந்து, அறைக்குள் நுழைவதற்கு முன் ஏதாவது பேசிக்கொண்டேதான் நுழைவார்.

அடுத்த ஆண்டு பள்ளி விளையாட்டுப் போட்டி. பாப்பாவின் அணிக்கு நீல டி-சட்டை. அணிவகுப்பில் எல்லாருக்கும் கறுப்பு ரிப்பன்தான் என்று சொல்லிவிட்டார்கள். போட்டி முடிந்ததும் அண்ணனும் நானும் திடலுக்குள் இறங்கினோம். முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். பாப்பா மூன்றாவதாக நின்றாள். கையில் வெள்ளிப் பதக்கம். அவள் கூப்பிடவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இந்த ஒருமுறையாவது தெரிந்துவிடாதா என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

அண்ணன் அவளைக் கடந்துபோனார். திரும்பி வந்தார். மறுபடியும் கடந்தார். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு சிறுமி அவரைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்தாள். அவர் முகம் மலர்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சிட்டியாம்மா!" என்றார். "அங்கிள், நான் இல்ல" என்றது அந்தப் பிள்ளை. குரலைக் கேட்டதும் கையை விட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது பாப்பா பதக்கத்தைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் அண்ணன் என் தோளைப் பிடித்தார். "தம்பி, பாப்பா பாத்துச்சா?"

"இல்லண்ணே. அது அப்போ தண்ணி குடிக்கப் போயிருந்துச்சி."

"நெசமாவா?"

"நெசமாதாண்ணே."

நீண்ட மூச்சு விட்டார். "நல்லவேள. பாத்திருந்தா நான் எப்படி அது முன்னால நிப்பேன்?"

அவருக்கு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

பாப்பா பட்டை அணிவதை நிறுத்திவிட்டாள். வாசலில் பேரைக் கத்துவதையும் நிறுத்தினாள். சனிக்கிழமைகளில், "எனக்கு வயசாயிடுச்சி சித்தப்பா, கார்ட்டூனெல்லாம் வேணாம்" என்று அறைக்குள் இருந்துவிடுவாள். அண்ணன் தனியாகப் பார்த்தார். அந்தத் தொடரின் ஒரு புதிய பருவத்தில் நாயகனுக்குக் குரல் கொடுப்பவரையும் மாற்றிவிட்டார்கள். பச்சை உடை, ஆரஞ்சு மேலங்கி, தாடை எல்லாம் அப்படியே இருந்தன. "இது அவன் இல்ல" என்று சொல்லி அண்ணன் தொலைக்காட்சியை அணைத்தார். அதன்பின் அவர் எதையும் பார்க்கவில்லை. "பாப்பாவுக்கு என்மேல என்ன கோவம்?" என்று என்னை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். வளர்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தைவிடக் கடினமாகிக்கொண்டே போனது.

போன ஆண்டு மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார். கல்லூரியிலிருந்து வந்த பாப்பா காரியங்கள் முடியும்வரை அழவே இல்லை. பதினாறாம் நாள், வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அப்பாவுக்கு என்னைத் தெரியாதது தப்பு இல்ல சித்தப்பா. அது எனக்கு அப்பவே தெரியும். ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்வாருன்னு காத்திருந்தேன். எத்தன வருஷம். ஒரு சோரிகூட சொல்லல. அவருக்கு அது பெருசாவே படலன்னு நினைச்சிக்கிட்டேன்."

அன்றும் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். கார் நிறுத்துமிடம், அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், அவர் விட்ட மூச்சு எல்லாவற்றையும்.

அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "கேட்டாரா? பாப்பா பாத்துச்சான்னு கேட்டாரா?"

"மொதல்ல கேட்டதே அதாம்மா. என் தோளப் புடிச்சிக்கிட்டு கேட்டாரு."

அதன்பிறகுதான் அழுதாள். சிறுபிள்ளை மாதிரி, மூச்சு முட்டி, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டு அழுதாள். தொடப்போன என் கையைத் தள்ளிவிட்டாள். அண்ணி ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

பாப்பா இப்போது என்னோடு பேசுவதில்லை. தீபாவளிக்குப் போனபோது தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நானும் கூப்பிடவில்லை.