ஒரு ஸ்பூன் குறைகிறது

என் மனைவி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். கத்தி, கத்திரி, பஞ்சு எல்லாவற்றையும் முதலிலேயே எண்ணி வைத்து, தைத்து மூடுவதற்குள் மறுபடி எண்ணிச் சரிபார்ப்பது அவள் வேலை. பதினாறு வருஷத்தில் ஒரு துண்டுப் பஞ்சைக்கூடக் கோட்டை விட்டதில்லை. அப்படிப்பட்டவள் வீட்டில் கேக் செய்யக் கிளம்பினால் என் கதி என்ன ஆகும்?

அதுவும் சும்மா கேக் இல்லை, என் தங்கை மகளின் ஏழாவது பிறந்தநாள் கேக். வாண்டு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். போன வருஷம் இவள் சுட்ட பிஸ்கெட்டைத் தின்றுவிட்டு வாண்டுவுக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரி வரை போய்ப் பிழைத்து வந்தாள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கடலையே சேர்க்கவில்லை என்று இவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். தங்கை நம்பவில்லை. அதற்கப்புறம் குழந்தைக்கு எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. போகப் போக இவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டேன் போல என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். இந்த வருஷம் வாண்டு அழுது அடம்பிடிக்கவே, அத்தையே கேக் செய்யட்டும் என்று தங்கை இறங்கி வந்தாள். இன்னொரு தரம் ஏதாவது ஆனால் குழந்தை உயிருக்கே ஆபத்து. தங்கை அண்ணியின் முகத்தில் விழிக்கவும் மாட்டாள்.

காலையில் சமையலறை தியேட்டராகிவிட்டது. மேடையை மூன்று தரம் துடைத்தாள். கிண்ணம், கேக் டின் எல்லாம் புதுசு. மாவு, சர்க்கரை, கோகோ என்று ஒவ்வொரு பாக்கெட்டின் பொடி எழுத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தாள். அளந்து, கலக்கும் வரிசையிலேயே தனித்தனியாக வைத்தாள். ஸ்பூன் ஒன்பது. என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினாள்.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கடலை போடும் வயசெல்லாம் தாண்டியாச்சு, கடலை கொறிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டுக்குள் கடலைக்குத் தடை, காருக்குள் தடையில்லை. பதற்றம் தாங்காமல் வெளியே போய் ஒரு பிடி கொறித்துவிட்டு வந்தேன். கையைச் சோப்பு போட்டுத்தான் கழுவினேன், சத்தியமாக. அவள் ஓவனைச் சூடாக்கத் திரும்பியிருந்தாள். இனிப்பு சரியா என்று பார்க்கலாமே என்று கலக்கி வைத்த மாவை ஒரு ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது. அதே ஸ்பூனை இன்னொரு தரம் மாவில் விட்டேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ! அவள் திரும்பியதும் ஸ்பூனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கேக் ஓவனுக்குள் போனது. அவள் ஸ்பூன்களை எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டுதான். மேடைக்கடியில் தேடினாள், குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தாள். கேக்குக்குள்ளேயே போய்விட்டதோ என்று முகம் வெளுத்து ஓவன் கதவில் கை வைத்தாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. ஸ்பூனை எடுத்து மேடையில் வைத்தேன்.

"வாயில வச்சீங்களா?"

தலையாட்டினேன். திரும்ப மாவில் விட்டீர்களா என்றாள். அதற்கும் தலையாட்டினேன். காரில் என்ன தின்றீர்கள் என்றாள். சொன்னேன்.

ஓவனை அணைத்து, மாவை அப்படியே குப்பையில் கொட்டினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"போன வருஷம் வாண்டுக்கு பிஸ்கெட் ஊட்டுனது யாரு?"

நான்தான். சவாரி முடிந்து வந்த கையோடு, மடியில் உட்காரவைத்து ஊட்டினேன். காரில் கடலை கொறித்த அந்தக் கையை அன்றைக்குக் கழுவவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாவு டப்பா, பிஸ்கெட் டப்பா எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தோம். என் கையை யாரும் பார்க்கவில்லை, நான் உள்பட.

தங்கைக்குப் போன் போட்டேன். கேக் ரெடியா என்றாள். இன்றைக்கு நடந்ததையும் அன்றைக்கு நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அண்ணி மேல தப்பே இல்லம்மா. என் கைதான்."

"நீ பேசாத. போனை அண்ணிகிட்ட குடு."

கொடுத்தேன். தங்கை என்ன சொன்னாளோ தெரியாது. ஒரு வருஷமாக அடக்கிவைத்ததை எல்லாம் இவள் ஓவென்று அழுது தீர்த்தாள்.