கவ்வாத்துக் கையும் அரைநெல்லியும்

பூண்டுலோயாவில் நான் டியூஷன் கொடுக்கப் போகும் வழியில் ஒரு பெரியவரின் வீடு. ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். முப்பது வருஷம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டியவர். வாசலில் நின்ற அரைநெல்லியையும் அதே கத்தியால் மேசை மாதிரி மட்டமாக வெட்டி வைத்திருந்தார். செடி முழுக்க இலை, காய் ஒன்றுகூட இல்லை.

“அடுத்த வருஷமும் காய்க்கலன்னா வேரோட புடுங்கிட்டுப் போஞ்சிக் கொடி போட்டுருவேன், கறிக்காச்சும் காய் வரும்” என்றார் அவர் மனைவி.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “மாமா, கொழுந்து வேணும்னாத்தான் இப்புடி வெட்டணும். நெல்லி பழைய கொப்புலதான் காய்க்கும். நீங்க அதைத்தானே வெட்டிப்புடுறீங்க!”

“அதுக்காகத் தலை சீவாத புள்ள மாதிரி நிக்க விடுறதா தம்பி?” என்றார். ஆனாலும் ஒரு பாதிக் கொப்புகளில் சிவப்புத் துணி கட்டினார்.

“துணி எதுக்கு மாமா?”

“என் கைக்குத்தான். தன்னால வெட்டிப்புடும்.”

மறுவருஷம் அந்தப் பாதி கொத்துக்கொத்தாகக் காய்த்தது. மனைவி சிரித்துக்கொண்டே ஊறுகாய்க்குப் பறித்தார். அவர் மட்டும் செடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

“காய்ச்சிருச்சே மாமா!”

“காய்ச்சிருச்சு தம்பி. பாக்கத்தான் சகிக்கல.”

மறு பாதியை இன்றும் மட்டமாகவே வைத்திருக்கிறார். அந்த வழியாகப் போகும்போது நானும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.