அண்ணாந்த வாயும் படிகார ஸ்ப்ரேயும்

நான் கம்பவுண்டராகச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஓர் உத்தரவு வந்தது. போட்டவர் டாக்டர் இல்லை, ஊர்ப் பெரிய பண்ணையின் காரியஸ்தர்.

"பெரிய வீட்டம்மாவுக்குத் தொண்டை கரகரங்குதும்மா. ஸ்ப்ரே அடிக்கிற குழாய் அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு எடுத்து வெச்சிடு. கீழத்தெரு ஆளுங்க வாயில போனது வேணாம்."

"இருக்கிறதே ஒரே குழாய்தாங்க. ஒவ்வொரு தடவையும் கொதிக்க வெச்சுத்தான் எடுப்பேன்" என்றேன்.

மாயவரத்திலிருந்து திருக்கடையூர் போகும் ரோட்டோரம் இருந்த சின்ன அரசு டிஸ்பென்சரி அது. டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாட்களில் நான்தான் அங்கே ராணி. வயது இருபத்து நான்கு, வாய் அதைவிடப் பெரியது. ஆனாலும் வந்த அன்றே வம்பு வேண்டாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். சொம்புத் தண்ணீரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறோமே, அப்படியே எல்லாரையும் அண்ணாக்கச் சொல்லி, குழாய் வாயில் படாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து ரப்பர் பந்தை அழுத்துவேன். பெரிய வீட்டுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே குழாய், யாருக்கும் மனக்குறை இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்ப்ரேயம்மா

மருந்து பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அதிமதுரமும் துளசியும் போட்ட கஷாயத்தை நன்றாக வடிகட்டி, அளவாகப் படிகாரமும் உப்பும் கரைப்பேன். டாக்டர் பார்த்துச் சரி சொன்ன அளவு. காலையில் போட்டதை மாலையில் கொட்டிவிடுவேன், மறுநாளுக்கு வைத்தால் கெட்டுவிடும். தொண்டைக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் இதமாக இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

அந்தத் தை மாதம் சம்பா அறுவடை. அறுபத்தேழில் ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது, சுவரெல்லாம் கட்சிக் கொடி. வயலில் மட்டும் சண்டை ஓயவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள் பண்ணைக்காரர்கள். உள்ளூர் ஆள் இருக்கும்போது வெளியாள் இறங்கக் கூடாது என்று கீழத்தெரு முழுக்க வரப்பில் நின்று கோஷம் போட்டது. களத்துத் தூசி ஒரு பக்கம், கத்திய கத்தல் ஒரு பக்கம். அத்தனை தொண்டையும் என்னிடம்தான் வந்தது.

வரிசை வளர வளர வதந்தியும் வளர்ந்தது. "அந்தம்மா ஸ்ப்ரே அடிச்சா பத்து நாளைக்கு ஒரு நோயும் கிட்ட அண்டாதாம். ஒடம்புல எதிர்ப்புச் சக்தி ஏறுதாம்." நான் அப்படிச் சொன்னதே இல்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. 'ஸ்ப்ரேயம்மா' என்று கூப்பிட்டபோது உச்சி குளிர்ந்துபோனது, அதுதான் காரணம்.

அண்ணாக்க முடியாத கழுத்து

கீழத்தெருவின் குரல் என்றால் அஞ்சலையக்காதான். நாற்பது வயது, நாற்று நடுகிற ஆள். மைக் இல்லாமலே மூன்று வயலுக்குக் கேட்கும். தாசில்தார் முன்னிலையில் மாயவரத்தில் பேச்சுவார்த்தை என்று நாள் குறித்திருந்தார்கள். கீழத்தெரு சார்பில் பேச வேண்டியவர் அவர். அதற்கு முன்னால் மூன்று நாளும் என்னிடம் வந்து அண்ணாந்து நின்று ஸ்ப்ரே வாங்கிக்கொண்டு போனார்.

பேச்சுவார்த்தைக்கு முந்தின நாள் காலை வந்தார். டாக்டர் வராத நாள். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது குரல்.

"கழுத்த அண்ணாக்க முடியலம்மா. இப்படியே அடிச்சு வுடுங்க."

என் சாமர்த்தியம் அங்கே நின்றுவிட்டது. டார்ச்சையும் ஸ்பூனையும் எடுத்தேன். வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை, எச்சில் ஒழுகியது. நாக்கை அழுத்திப் பார்த்தேன். வலப்பக்கம் முழுக்க வீங்கி, உள்நாக்கு இடப்பக்கம் தள்ளிக் கிடந்தது. சீழ்க்கட்டி. இன்னும் வீங்கினால் மூச்சு அடைக்கும். ஒரு நாளில் வந்த வீக்கம் இல்லை அது. மூன்று நாளும் அந்த வாய்க்குள் நான் பார்க்கவே இல்லை. அண்ணாந்த வாயில் மேலண்ணம்தான் தெரியும், தொண்டை தெரியாது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்க்கா. இப்பவே."

"நாளைக்கு நான் வாய் தெறக்கலன்னா லாரி வந்துடும்மா. பயந்து படுத்துக்கிட்டாம்பாங்க."

"மூச்சு நின்னுட்டா எந்த வாயால பேசுவீங்க?" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. வரிசையில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பினேன்.

"எல்லாரும் கேளுங்க. இந்த ஸ்ப்ரே தொண்டைக்குக் கொஞ்ச நேரம் இதம். நோயத் தடுக்காது, கட்டியக் கரைக்காது. நீங்க சொல்லிக்கிட்டதக் கேட்டு நான் பேசாம இருந்தேன். அக்கா தொண்டையப் பார்க்காமயே மூணு நாள் அடிச்சேன். தப்பு என்னோடது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அஞ்சலையக்கா என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு நானும் போனேன். மாயவரம் பெரியாஸ்பத்திரியில் அன்றே கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார்கள். மறுநாள் அங்கிருந்த டாக்டரிடம் அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அக்காவைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். அவருடைய குரல் பக்கத்து நாற்காலிக்குத்தான் எட்டியது. அவர் பேச ஆரம்பித்ததும், அதுவரை ஒருவரை மிஞ்சி ஒருவர் கத்திக்கொண்டிருந்த பண்ணைக்காரர்கள் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் சத்தத்தை நிறுத்திவிட்டு முன்னால் குனிந்தார்கள். தாசில்தார் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அக்கா சொல்ல வந்ததை முதல் தடவையாக எல்லாரும் முழுசாகக் கேட்டார்கள். உள்ளூர் ஆளுக்குத்தான் அறுவடையில் முதல் உரிமை என்று எழுதிக் கையெழுத்தானது. என் முப்பத்தைந்து வருஷ சர்வீசில் அந்த அரை மணி நேரத்தைப் போல நான் பெருமைப்பட்டது வேறு இல்லை.

இப்போது கடைகளில் விதவிதமாக மூலிகை ஸ்ப்ரே விற்கிறார்கள். புதிதாகப் பார்மசிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விற்றுக்கொள்ளுங்கள், இதம் என்று மட்டும் சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். மூன்று நாளாக வலி என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள்.

அன்று, அந்தக் கையெழுத்துக்கு அடுத்த வாரம் அஞ்சலையக்கா வந்தார். அண்ணாக்கவில்லை. நேராக உட்கார்ந்து, "மொதல்ல பாருங்க" என்று வாயைத் திறந்தார். ஸ்பூனால் நாக்கை அழுத்திப் பார்த்தேன். ஆறியிருந்தது. ஸ்பூனைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். வரிசையில் அடுத்து நின்றவர் காரியஸ்தர்.

"இதே ஸ்பூனாம்மா?"

"இதேதாங்க."

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. காரியஸ்தர், அஞ்சலையக்கா எழுந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.