கரையில் இருந்தவர் கேட்டது

நடந்ததைச் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். போலீஸ்காரரும்தான் நம்பவில்லை. என் தம்பி பெனியாமினா கடலில் மூழ்கிவிட்டான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் நின்றவன் நான். அவன் மூழ்கவில்லை.

என் பெயர் தெகாய். பசிபிக் கடலில், கிரிபாஸ் தீவுகளைச் சேர்ந்தவன். வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் பவளப்பாறையில் மோதி அடி கிழியாமல் வழிகாட்டிக் கூட்டிப் போவது என் பிழைப்பு. அந்த முறை வந்தவர் ஹென்ரிக் என்ற டென்மார்க் கிழவர். வெகுதூரத்தில் ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பவளத்தீவைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். துணைக்குத் தம்பியையும் அழைத்துக்கொண்டேன்.

"அவனப் பத்திரமா கொண்டாந்து சேத்துருடா," என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் 'புபுசி' என்று ஒரு வழக்கம் உண்டு. அந்த வார்த்தையைச் சொல்லி ஒருவர் எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும், போட்டிருக்கும் சட்டையானாலும் சரி. மறுத்தால் குடும்பத்துக்கே தலைகுனிவு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அதைவிடக் கேவலம்.

தீவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலேகால். ஹென்ரிக் நங்கூரம் போட்டுவிட்டுப் படகிலேயே படுத்துவிட்டார். நானும் தம்பியும் சின்னத் துடுப்புப் படகில் இளநீர் பறிக்கக் கிளம்பினோம்.

"கெழவன் குடுத்த டப்பா பீன்ஸ் என் வயித்துக்குள்ள உருண்டுட்டே கெடக்குண்ணே."

"ஓசில தின்னா உருளத்தான் செய்யும். வாய மூடிட்டுத் துடுப்பப் போடு."

கரையோரத் தண்ணீரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கொப்பரை வெட்ட வருகிறவர்கள் இப்படிப்பட்ட தீவுகளில் மாதக்கணக்கில் தங்குவது உண்டு. அதனால் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"மௌரி, பெரியப்பா," என்று படகை விட்டு இறங்கி வணக்கம் சொன்னேன்.

"மௌரி. புகையில இருக்கா? புபுசி."

கொடுத்தேன். முகர்ந்து பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். ஓர் அலை அவர் இடுப்புவரை ஏறி இறங்கியது. புகையிலை நனையவில்லை. அவர் கட்டியிருந்த துணியும் நனையவில்லை...

"உன் கத்தி. புபுசி."

அதையும் கொடுத்தேன். அவர் விரல் என் மேல் பட்டது. அத்தனை வெயிலிலும் சில்லென்று இருந்தது.

"பெரியப்பாவ விட்டா உன் இடுப்புத் துணியையும் உருவிருவாரு போல," என்று சிரித்தான் பெனியாமினா.

பெரியவர் சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்கா உரிக்க ஆளில்ல. தனியாவே கெடக்கேன். இந்தப் பயல எங்கிட்ட விட்டுட்டுப் போ. புபுசி."

விடியும்வரை உதவிக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அப்படிக் கேட்பார்கள்.

"வச்சுக்குங்க பெரியப்பா," என்றேன்.

அலைச் சத்தம் நின்றது.

பறவைச் சத்தமும் நின்றது. பெனியாமினாவின் சிரிப்பு... பாதியில் நின்றது.

பெரியவர் எழுந்து நடந்தார். தம்பி பின்னாலேயே போனான்.

"டேய் பெனி."

திரும்பவில்லை.

"டேய்..."

தென்னைகளுக்குள் போனார்கள். ஓடினேன். கல்லெறி தூரம்தான் தீவின் அகலம். மறுகரைக்கே வந்துவிட்டேன். யாரும் இல்லை.

சரக்... சரக்...

எங்கோ தேங்காய் உரிக்கும் சத்தம். முதலில் ஒருவர் உரிப்பது போல இருந்தது.

பிறகு... இரண்டு பேர்.

"பெரியப்பா, புபுசி. என் தம்பியக் குடுத்துருங்க," என்று கத்தினேன்.

சத்தம் நின்றது.

என் காதோரம் ஒரு குரல்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கலாமாண்ணே?"

பெனியாமினாவின் குரல்.

படகில் இருந்த குடிதண்ணீர் தீரும்வரை ஹென்ரிக்கும் நானும் தேடினோம். அவன் செருப்புகூடக் கிடைக்கவில்லை. அம்மா இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லிக் கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

போன மாதம் துறைமுகத்தில் இன்னொரு பாய்மரப் படகு வந்து நின்றது. ஒரு பிரெஞ்சுக் கணவன் மனைவி. வழிகாட்டி வேண்டும் என்றார்கள், பேசப் போனேன். இங்கே வரும் வழியில் அந்தத் தீவைப் பார்த்ததாக அந்தப் பெண் சொன்னாள். கரையில் ஒரு கிழவரும் ஒரு பையனும் நின்றார்களாம். பையன் கையசைத்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தானாம். பாஷை தெரியாததால் இவர்கள் பதிலுக்குக் கையசைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

"ரெண்டே வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னான். அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

என்ன வார்த்தை என்றேன். யோசித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"தெகாய்... புபுசி."

என் பெயரை அவளிடம் நான் இன்னும் சொல்லவே இல்லை.

இத்தனை நாள் அவன் என்னைக் கேட்டது எனக்குத் தெரியாது. இப்போது காதில் விழுந்துவிட்டது. இல்லை என்று சொல்ல எங்களுக்குப் பழக்கமில்லை.